முனையில அளக்காதீங்க

அண்ணே வணக்கம். .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு இப்பதான் நானே தோட்டா லோட் பண்ண ஆரம்பிச்சிருக்கேன். புல்லட்ட கேஸுக்குள்ள (பித்தளைக் குப்பி) அழுத்துற டையை ஒரு தடவ செட் பண்ணதோட சரி, கை வைக்கவே இல்ல, ஆனா 20 தோட்டாவ காலிப்பர்ல அளந்தா நீளம் ஒண்ணுக்கொண்ணு 8 தௌ (ஒரு தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் மாறுது. டை போச்சா, இல்ல எனக்குதான் கை வரலையா?
– ஒரு வாசகர்

தம்பி, டையும் நல்லாருக்கு கையும் நல்லாருக்கு, அளக்குற இடம்தான் தப்பு. ஹாலோ பாயின்ட் (முனையில ஓட்டை உள்ள) புல்லட்டு பத்த எடுத்து முனைய லென்ஸ் வச்சு பாருங்க, ஒண்ணு பிசிறு தட்டியிருக்கும், ஒண்ணு லேசா சாஞ்சிருக்கும். டைக்குள்ள இருந்து புல்லட்ட தள்ளுற தண்டு, ஸ்டெம், அந்த முனைய தொடுறதே இல்ல, கொஞ்சம் கீழ வளைவுலதான் புடிச்சு தள்ளுது, அதனால புல்லட் ஒரே ஆழத்துக்குதான் போயிருக்கும், முனைதான் கூடக்குறைய தெரியுது.

காலிப்பர் தாடையில மாட்டுற கம்பாரேட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. அது ஓஜைவ்ல, அதாவது புல்லட்டோட வளைவுல, பேரலுக்குள்ள இருக்கிற சுருள் வரி (ரைஃப்ளிங்) முட்டுற இடத்துக்கு பக்கத்துல உக்காரும். அங்கேர்ந்து கேஸோட அடி வரைக்கும் அளந்தா உங்க 8 தௌ ஒண்ணு ரெண்டுக்கு வந்துரும். அதுக்கு மேல இருந்தா கேஸ் வாய் இறுக்கம் சமமா இருக்கா, பவுடர் அமுங்கி புல்லட்ட திரும்ப மேல தள்ளுதான்னு பாருங்க. அமுங்குற லோடுன்னா மறுநாள் இன்னொரு தடவ அளக்கணும், ராத்திரியில கொஞ்சம் ஏறியிருக்கும்.

அதுக்காக முனை வரைக்குமான முழு நீளத்த மறந்துராதீங்க. .308க்கு மேக்சிமம் 2.810 இன்ச், அதுக்கு மேல போனா மேகசின்ல மாட்டிக்கும். ரொம்ப உள்ள போயிட்டா கேஸுக்குள்ள இடம் குறைஞ்சு பிரஷர் ஏறும், வெளிய நீண்டு ரைஃப்ளிங்ல முட்டினாலும் ஏறும். நான் ஆரம்பத்துல அப்படி முட்டியிருந்த சுடாத தோட்டா ஒண்ண வெளிய எடுக்க போல்ட்ட இழுத்தேன், கேஸ் மட்டும் கையோட வந்துச்சு, புல்லட் பேரல்லயே நின்னுருச்சு, பவுடர் பூரா ஆக்‌ஷனுக்குள்ள, அதாவது போல்ட் ஓடுற பகுதிக்குள்ள, கொட்டி அன்னிக்கு பொழுது முழுக்க துடைச்சதுலயே போச்சு. ஓஜைவ்ல அளக்கிற பழக்கமே எனக்கு அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

புது டப்பா புல்லட் பிரிச்சா பழைய செட்டிங்க நம்பாம முதல் ரெண்டு மூண அளந்துருங்க, அப்புறம் பத்துக்கு ஒண்ணு போதும். நடுவுல திடீர்னு அளவு மாறினா முதல்ல டையோட லாக் ரிங்க (டைய நகராம புடிக்கிற வளையம்) கையால திருகிப் பாருங்க, பாதி நேரம் அதுதான் லூசாயிருக்கும்.