மாதக் கடைசிக்குள் பதிவுத் திருமணம் முடியுமா?

உங்கள் பிரெஞ்சுக் காதலர் பாரிஸுக்கு விமானம் ஏறுவதற்குள் நடக்காது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன்படி உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருந்தால்தான் கல்யாண நோட்டீஸே கொடுக்க முடியும். அப்புறம் ஆட்சேபத்துக்கு இன்னொரு 30 நாள். நீங்கள் இருவரும் புதுச்சேரிக்கு வந்தே மூன்று வாரம்தான் என்கிறீர்கள்.

இது "காதலா, ஊர் மயக்கமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி ஊர் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் எழுதியதெல்லாம் ஒயிட் டவுன், மாலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலை, கஃபே. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. கோவை வீட்டில் வாயே திறக்காத நீங்கள் இங்கே கலகலவென்று பேசுவது அவராலா, தனியாக வந்ததாலா?

கடலூரில் அத்தை இருப்பதாகச் சொன்னீர்களே, பஸ் பிடித்துக் காதலரையும் அங்கே கூட்டிப் போங்கள். முள் நிறைந்த மீன் குழம்பு, "சம்பளம் எவ்வளவு தம்பி" என்ற விசாரணை, எல்லாவற்றுக்கும் நீங்களே மொழிபெயர்ப்பாளர். களைத்துப்போன அந்த மத்தியானத்தில் அவர் உங்களைக் கவனிக்கிறாரா, போனைப் பார்க்கிறாரா? இன்னொரு நாள் கடலூர் சில்வர் பீச்சில் தனியாக நடங்கள். கலகலப்பு மிச்சமிருந்தால் அது உங்களுடையதே.

ஒன்று மட்டும்: விசா தேதி தாண்டி அவரைத் தங்க வைக்காதீர்கள். கல்யாணம் என்று முடிவானால், அவர் தரப்பு ஆவணங்களுக்குப் புதுச்சேரியிலேயே பிரெஞ்சு துணைத் தூதரகம் இருக்கிறது. நோட்டீஸ் 3 மாதத்தில் காலாவதியாகிவிடும். அவர் திரும்பி வரும் தேதி உறுதியான பிறகே கொடுங்கள்.