பி.எச். குறைக்கும் பாட்டிலை வாங்கலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டி ஒன்பது கோய் மீன் விட்டிருக்கிறோம். 3,000 லிட்டர் பிடிக்கும், கட்டி ஒரு வருஷம் ஆகிறது. பேனா மாதிரி இருக்கும் பி.எச். மீட்டர் காலையில் 7.4 காட்டுகிறது, சாயங்காலம் நாலு மணிக்கு 8.9. அந்த நேரத்தில்தான் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. தண்ணீரும் பச்சை பிடித்திருக்கிறது. கடையில் பி.எச். குறைக்கும் மருந்து என்று ஒரு லிட்டர் பாட்டில் தருகிறார்கள். வாங்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசுக்கு கே.எச். (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் அளவு) பார்க்கும் சொட்டு மருந்து கிட் ஒன்றும், அம்மோனியா கிட் ஒன்றும் வாங்குங்கள்.

பகலில் பாசி தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது, பி.எச். ஏறுகிறது. ராத்திரியில் பாசியும் மீனும் மூச்சுவிட அந்த வாயு திரும்பச் சேருகிறது, பி.எச். இறங்குகிறது. எல்லாக் குளத்திலும் இது கொஞ்சம் இருக்கும். உங்கள் குளத்தில் ஒன்றரைப் புள்ளி ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட். அதைத்தான் கே.எச். என்று அளக்கிறோம். உங்களிடம் அது தீர்ந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்தால் காலையிலும் எண் உயரத்திலேயே நிற்கும், அதனால் தொட்டியைச் சந்தேகப்பட வேண்டாம்.

இதில் ஆசிட்டை ஊற்றினால் மிச்சமிருக்கும் கார்பனேட்டையும் அது தின்றுவிடும். நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பாட்டிலை வாங்கி ஊற்றியவன்தான். சாயங்காலம் எண் அழகாக இறங்கியது. விடிந்து போய்ப் பார்த்தால் பி.எச். ஆறுக்கும் கீழே, மூன்று மீன் பக்கவாட்டில் மிதந்தன. பாஸ்பாரிக் ஆசிட் கலந்த மருந்தாக இருந்தால் இன்னொரு கூத்து: அந்தப் பாஸ்பேட் பாசிக்கு உரம்.

மீன் வாயைப் பிளக்கும் நேரத்தையும் கவனியுங்கள். விடியற்காலையில் என்றால் ஆக்சிஜன் குறைவு என்பேன். நாலு மணி வெயிலில், பச்சைத் தண்ணீரில், ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. அம்மோனியாவாக இருக்கலாம். தண்ணீர் 25 டிகிரியில் இருக்கும்போது பி.எச். 7.4 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றரை பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. 8.9-இல் அதுவே முப்பது பங்கு. காலையில் பிழைத்த தண்ணீர் சாயங்காலம் கொல்வது இப்படித்தான்.

ஆகவே முதலில் அம்மோனியாவைப் பாருங்கள். இருந்தால் தீனியை நிறுத்தி, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, அதை முறிக்கும் மருந்து போடாமல் விடக் கூடாது. அம்மோனியா அடங்கிய பிறகுதான் கே.எச். வேலை. சமையலறையில் இருக்கும் பைகார்ப், அதாவது சமையல் சோடா, போதும். பேக்கிங் பவுடரும் வாஷிங் சோடாவும் வேறு சாமான்கள், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 1,000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும், உங்கள் தொட்டிக்கு 90 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, பம்ப் தண்ணீர் விழும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். நாளுக்கு ஒரு டிகிரி போதும். ஆறு டிகிரி வந்ததும் நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை பாருங்கள். டர்பன் கோடை மழை நாலு நாள் அடித்துப் பெய்தால் கே.எச். நீர்த்துப்போகும், அப்போது இன்னொரு தடவை பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பி.எச். பேனா மூன்றே வாரத்தில் குழாய்த் தண்ணீருக்கும் குளத்துக்கும் ஒரே 6.1 காட்டுகிறது. பில்லில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று போட்டிருக்கிறது. ஏமாந்தது ஏமாந்ததுதானா? (டொங்காட் வாசகர்)

பதில்: இல்லை, ஆனால் முதலில் பேனாவின் மூடியைக் கழற்றி நுனியைப் பாருங்கள். அந்தக் கண்ணாடிக் குமிழ் காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது பராமரிப்புக் குறை. சேமிப்புத் திரவத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பி.எச். 7-க்கும் 10-க்குமான பஃபர் கரைசலில் (பி.எச். மாறாமல் நிற்கும் அளவுத் திரவம்) அளவு திருத்துங்கள். பேனாவோடு பெரும்பாலும் 4-க்கான பொட்டலம் வரும், குளத்துக்கு அது அவ்வளவு உதவாது.

அப்புறமும் அசையவில்லை என்றால் பழுதுதான். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56-இன்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பது உங்கள் விருப்பம், கடையின் விருப்பமல்ல. அனுப்பும் செலவும் அவர்களுடையது. பில்லில் அச்சடித்த வரி இந்த உரிமையைப் பறிக்காது. பஃபரில் வைத்து அளந்ததைப் படமெடுத்து, மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், போனில் பேசினால் சாட்சி இருக்காது. மசியவில்லை என்றால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது.

கேள்வி: நீச்சல் குளத்துக்கு வாங்கிய டெஸ்ட் கிட் வீட்டில் கிடக்கிறது. மீன் தொட்டிக்கு அது போதாதா? (ஃபீனிக்ஸ் வாசகி)

பதில்: போதாது அக்கா. அதிலுள்ள பீனால் ரெட் என்ற நிறம் மாறும் மருந்து பி.எச். 8.2 வாக்கில் முழுச் சிவப்பாகிவிடும். 8.5-உம் 9.5-உம் அதற்கு ஒன்றுதான். அகன்ற அளவுள்ள சொட்டு மருந்து கிட் வாங்கி, காலாவதித் தேதியைப் பார்த்து, நிறத்தை டியூப் லைட்டில் அல்லாமல் பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து ஒப்பிடுங்கள். நீச்சல் குள ஆசிட் கேனை மட்டும் மீன் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.