பெயர்ப்படி, ஊர்ப்படி லிஸ்ற் அடுக்கிறது: கேள்வி பதில்

பைதன், ஜாவாஸ்கிரிப்ற் எண்ட ரெண்டு புரோகிராம் மொழியிலயும் கேளுங்கோ, சொல்லுறன். கேட்ட ஆளின்ர ஊர் முன்னால கிடக்கும். எக்செல் கேள்வி வேண்டாம்.

மல்லாவி: அண்ணை, கமக்காரர் அமைப்பு அங்கத்தவர் லிஸ்ற். ஆளுக்கொரு ஒப்ஜெக்ற்: பெயர், ஊர், ஏக்கர். ஜாவாஸ்கிரிப்ற்றில சோட் (அடுக்கிற கட்டளை) குடுத்தா ஒண்டும் அசையுதில்லை.

அசையாது தம்பி. ஒப்பிடுற பங்ஷன் குடுக்காட்டி அது ஒவ்வொரு ஒப்ஜெக்ற்றையும் எழுத்தா மாத்திப் பாக்கும். மாத்தினா எல்லாருக்கும் ஒரே எழுத்துத்தான் வரும், பிறகு ஆரை ஆருக்கு முன்னால விடுறது? ரெண்டு ஆளின்ர பெயரைப் பாத்து, முதலாமவர் முன்னுக்கெண்டா மைனஸ், பின்னுக்கெண்டா பிளஸ், சமனெண்டா பூச்சியம் திருப்புற பங்ஷன் எழுதுங்கோ. ‘பெரிசோ’ எண்டு கேட்டு ட்ரூ, ஃபோல்ஸ் திருப்பாதேங்கோ. அடுக்க முதல் பெயருக்கு முன்னால கிடக்கிற இடைவெளியை வெட்டுங்கோ, இல்லாட்டி அந்த ஆள் உச்சியில போய் நிப்பார்.

துணுக்காய்: பைதனில அடுக்கினாப் பிறகு லிஸ்ற்றே இல்லை, நன் (None, ஒண்டுமில்லை) எண்டு வருது.

தங்கச்சி, சோட் மெதட் இருந்த இடத்திலயே அடுக்கிப்போட்டு ஒண்டும் திருப்பித் தராது. அதைப் பிடிச்சு அதே வேரியபிளில போட்டா லிஸ்ற் போச்சு. சோட்டட் பங்ஷனைப் பாவியுங்கோ, அது அடுக்கின புது லிஸ்ற்றைத் திருப்பித் தரும். கீ எண்ட இடத்தில பெயரை எடுத்துத் தாற லம்டா (பெயரில்லாத குட்டிப் பங்ஷன்). இடைவெளி வெட்டினீங்களோ?

கனகராயன்குளம்: ஊர்ப்படி அடுக்கினா எங்கட ஊர் கண்டாவளைக்கு அடுத்ததா வருது. ன கடைசி எழுத்தல்லோ?

இதைத்தான் எதிர்பாத்துக்கொண்டிருந்தனான். சாதாரண ஒப்பிடல் யூனிக்கோட் எண்ணை, அதாவது கணினியில ஒவ்வொரு எழுத்துக்கும் குடுத்த எண்ணைத்தான் பாக்கும்: ண 2979, ன 2985, ர 2992, ற 2993. அதால கண்டாவளை, கனகராயன்குளம், கரிப்பட்டமுறிப்பு, கரைச்சி, கற்சிலைமடு எண்டு வரும். அகராதி முறையில கனகராயன்குளம் கற்சிலைமடுவுக்கும் பின்னால. ஜாவாஸ்கிரிப்ற்றில தமிழுக்கெண்டு ஒரு கொலேற்றர் (மொழியின்ர ஒழுங்கில ஒப்பிடுற கருவி) செய்து அதால ஒப்பிடுங்கோ. பைதனெண்டா அதுக்கு பைஐசியு (PyICU) எண்ட லைப்ரரி. ஜாவாஸ்கிரிப்ற்றை ஓட்டுற நோட் (Node.js) 13க்கு முந்தினதெண்டா தமிழ்த் தரவு கூட வந்திருக்காது, முதல் அதைப் பாருங்கோ.

புதுக்குடியிருப்பு: யூனிக்கோட் ஒழுங்குதான் உலக ஒழுங்கு. நாங்கள் ஏன் வேறயா அடுக்கவேணும்?

அது ஒழுங்கே இல்லை, முகவரி. இந்தியாவின்ர 1988ஆம் ஆண்டு இஸ்கி (இந்திய எழுத்துகளுக்கான கணினிக் குறியீடு) அட்டவணையைப் பாத்துத்தான் தமிழுக்கும் இடம் குடுத்தவை. தேவநாகரியில எந்த இடமோ தமிழிலயும் அந்த இடம். அதாலதான் நவுக்குப் பக்கத்தில ன, சவுக்கு அங்கால ஜ.

புதுக்குடியிருப்பு: ஒரு எழுத்து முன்பின்னா வந்தா ஆருக்கு நட்டம்?

கடதாசியில பெயர் தேடுற ஆளுக்கு. ஒரு எழுத்துமில்லை. மெய்யெழுத்துப் புள்ளியின்ர எண் 3021, உயிர்மெய்க் குறியள் எல்லாத்துக்கும் பின்னால. அதால பகல் முதல் வரும், பக்கம் பிறகு வரும். எந்தத் தமிழ் அகராதியில அப்பிடிக் கண்டனீங்கள்?

புதுக்குடியிருப்பு: கொலேற்றர் ஆமை வேகம்.

ஒவ்வொரு ஒப்பிடலுக்கும் புதுசா உண்டாக்கினா ஆமைதான். வெளியில ஒருக்காச் செய்து வச்சுப் பாவியுங்கோ.

நெடுங்கேணி: பைதனில நன் வருது அண்ணை.

மேல துணுக்காய்க்குச் சொல்லியாச்சு.

பரந்தன்: வாய்க்கால் 10, வாய்க்கால் 2க்கு முன்னால வருது.

கொலேற்றரில நியூமெரிக்கை ட்ரூ ஆக்குங்கோ.

ஒட்டுசுட்டான்: எனக்கும் நன்...

மேல. வாசியுங்கோ.

வவுனியா: எக்செல்லில எப்பிடி?

இல்லை.

மாங்குளம்: எல்லாப் பெயரும் ‘க. செல்வராசா’ மாதிரி. முதலெழுத்துப்படிதான் அடுக்குது.

அடுக்கிற நேரம் புள்ளியில வெட்டி விளையாடாதேங்கோ, ‘சு.க.’ எண்டு ரெண்டு முதலெழுத்து வந்தா கவிழும். தரவு ஏத்தேக்கையே முதலெழுத்து ஒரு புறொப்பர்ட்டி, பெயர் இன்னொண்டு. முதல் பெயரை ஒப்பிடுங்கோ, பூச்சியம் வந்தா மட்டும் முதலெழுத்து. ரெண்டிலயும் இடைவெளியை வெட்டிப்போட்டு.