கப்பல் கேபினில் பால்கனித் தடுப்பைத் திறந்து தருவார்களா?

கேள்வி: நாங்களும் அண்ணன் குடும்பமுமாக எட்டுப் பேர். மாங்காய் சீசன் முடிந்ததும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் நான்கு இரவு போய்வரலாம் என்று இருக்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பால்கனி கேபின் எடுத்தால், நடுவில் உள்ள தடுப்பைத் திறந்து ஒரே பால்கனியாக்கித் தருவார்கள் என்கிறார் ஏஜென்ட். நம்பிப் பணம் கட்டலாமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: திறந்து தரும் வழக்கம் உண்டு. அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஆனால் திறப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் கப்பல் ஏறிய பிறகு அங்குள்ள ஊழியர்கள்தான் முடிவு செய்வார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது. திறக்கக்கூடிய தடுப்பு உள்ள ஜோடி கேபினைப் பார்த்துப் பிடித்துத் தருவது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. அதை அவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று பாருங்கள்.

அந்தத் தடுப்புக்குக் கீலும் பூட்டும் எதற்கு என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். 2006 மார்ச் 23 அன்று கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. அப்போது தடுப்புகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் இருந்ததால் தீ ஒரு பால்கனியிலிருந்து அடுத்ததற்கும், மேல் தளங்களுக்கும் மளமளவெனப் பரவியது. ஒரு பயணி இறந்தார். அதன் பிறகு சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளைத் திருத்தினார்கள். 2008 ஜூலை 1-க்குப் பிறகு கட்டப்படும் பயணிகள் கப்பல்களில், கப்பலின் எடையைத் தாங்கும் வேலை இல்லாத பால்கனித் தடுப்புகளை ஊழியர்கள் இரண்டு பக்கமிருந்தும் திறக்க வழி இருக்க வேண்டும். தீயை அணைக்கப் போவதற்கான வழி அது. குடும்பங்களுக்குத் திறந்து விடுவது அதனால் கிடைக்கும் கூடுதல் வசதி.

கப்பலின் எடையைத் தாங்கும் எஃகுச் சுவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. சில இடங்களில் இரண்டு பால்கனிகளுக்கு நடுவே இருப்பது அப்படிப்பட்ட சுவர்தான். ஊழியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதைத் திறக்க முடியாது. உங்கள் இரண்டு கேபினுக்கு நடுவில் அது வந்துவிட்டால் அண்ணன் குடும்பத்தோடு பேச, கேபின் வாசலுக்கு வெளியே உள்ள வராந்தா வழியாகத்தான் போக வேண்டும்.

எங்கே சுவர், எங்கே தடுப்பு என்பதைப் புக் செய்யும் முன்பே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அந்தக் கப்பலின் பக்கவாட்டுப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பால்கனி வரிசையில் மெல்லிய பலகைகள் தெரிந்தால் அவை தடுப்புகள். தடிமனான வெள்ளைப் பட்டை ஒன்று கீழ்த் தளத்திலிருந்து மேல் தளம் வரை நேராக ஏறிப் போனால் அது சுவர். அந்தப் படத்தை டெக் பிளானோடு (ஒவ்வொரு தளத்திலும் எந்தக் கேபின் எங்கே என்று காட்டும் வரைபடம்) ஒப்பிட்டு உங்கள் கேபின் எங்கே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இப்படித் தெரிந்துகொண்டதை வைத்து ஏஜென்ட் மூலம் கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, “இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தடுப்பு திறக்கக்கூடியதா?” என்று கேபின் எண் போட்டே கேளுங்கள். “எங்கள் கப்பலில் திறப்போம்” என்ற பொதுவான பதில் உங்களுக்குப் பயன்படாது.

எண் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான கப்பல்களில் ஒரு பக்கம் முழுக்க இரட்டைப்படை எண், எதிர்ப்பக்கம் ஒற்றைப்படை. 8220-க்கு அடுத்த கேபின் 8222. 8221 கப்பலின் மறுபக்கம் இருக்கும். அடுத்தடுத்த எண் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, ஏறிய பிறகு தலையில் கை வைப்பவர்கள் உண்டு. எண்ணை வைத்து முடிவு செய்யாமல், டெக் பிளானில் இரண்டு கேபினும் ஒட்டியிருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். இரண்டும் ஒரே ஆழமுள்ள பால்கனியாக இருப்பதும் முக்கியம். கப்பலின் பக்கம் வளைந்து வெளியே தள்ளும் இடங்களிலும், பின்பக்க மூலைகளிலும், சூட் அறையும் சாதா கேபினும் அடுத்தடுத்து வரும் இடங்களிலும் திறக்காத தடுப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

விலை குறைவாக இருக்கிறதே என்று “கியாரண்டி” வகையில் எடுக்காதீர்கள். அதில் கேபின் வகை மட்டுமே உறுதி. எண்ணைக் கப்பல் நிறுவனம் பிறகு தன் விருப்பப்படி ஒதுக்கும். அண்ணன் ஏழாம் தளத்திலும் நீங்கள் பத்தாம் தளத்திலும் போய் விழலாம். எண் குறிப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டு புக்கிங்கையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். “அப்கிரேடு வேண்டாம்” என்றும் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், நல்லது செய்வதாக நினைத்து ஒரு கேபினை மட்டும் வேறு தளத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

எட்டுப் பேர் என்கிறீர்கள். நான்கு பேர் படுக்கிற பால்கனி கேபின் எல்லா இடத்திலும் கிடையாது. அதுவும் ஒட்டினாற்போல் இரண்டு கிடைப்பது குறைவு, பள்ளி விடுமுறைக்கு அவைதான் முதலில் தீரும். இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள்.

கப்பலில் ஏறியதும் உங்கள் கேபினைக் கவனிக்கும் ஸ்டூவர்டிடம் கேளுங்கள். ஏறும் நாளில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சொல்லி வைத்துவிட்டு மாலை வரை பொறுங்கள். சில கப்பல்களில் அவரே திறப்பார், சிலவற்றில் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஆள் வருவார். இரண்டு கேபின்காரர்களும் நேரில் சம்மதம் சொல்ல வேண்டும், ஒருவர் சொன்னால் போதாது.

தடுப்பின் அடியில் தண்ணீர் ஓட சில அங்குலம் இடைவெளி இருக்கும். ஒரு பக்கம் கீல், மறுபக்கம் மேலும் கீழும் பூட்டு. சதுர வாய் அல்லது முக்கோண வாய் உள்ள சாவியைப் போட்டுத் திருப்பி, பலகையை ஓரமாக மடக்கிக் கொண்டியில் மாட்டுவார்கள். கொண்டி விழுந்ததா என்று நீங்களும் ஒரு முறை பலகையை இழுத்துப் பாருங்கள். சரியாக மாட்டாத பலகை, கப்பல் வேகமெடுத்ததும் காற்றில் இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். நடுவில் விரல் சிக்கினால் நசுங்கிவிடும். மடக்கிய பலகை உங்கள் கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே நிற்காமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலி, மேசையை முன்கூட்டியே நகர்த்தி வைத்தால் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும்.

திறந்த பிறகும், பலத்த காற்று வந்தால், பால்கனியைக் கழுவ வந்தால், கேப்டன் சொன்னால் மூடிவிடுவார்கள். அதில் வாதாடப் பயனில்லை. நிலைமை சரியானதும் மறுபடி கேளுங்கள், திறப்பார்கள்.

கேள்வி: எங்களுக்கு நான்கு வயதிலும் ஏழு வயதிலும் குழந்தைகள். மாமனார் மாமியார் அடுத்த கேபினில். உள்ளேயே கதவு வைத்த கேபின் எடுப்பதா, பால்கனித் தடுப்பைத் திறப்பதா? (ஓசூர் வாசகி)

பதில்: உள்கதவு உள்ள கேபினை எடுங்கள். இரவில் குழந்தை அழுதால் பால்கனி வழியாகப் போய்வருவது சரிப்படாது. உள்கதவு உள்ள கேபின்களை டெக் பிளானில் தனிக் குறியிட்டுக் காட்டியிருப்பார்கள். அதனால் புக் செய்யும்போதே அது உறுதி. பக்கத்து அறைப் பேச்சு கொஞ்சம் கேட்கும் என்பதுதான் அதில் குறை. அந்தப் பக்கம் இருப்பது உங்கள் வீட்டு ஆட்களே என்பதால் பாதகமில்லை.

பால்கனியைத் திறப்பதாக இருந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து இரட்டிப்பாகிறது என்பதை மனதில் வையுங்கள். நீங்கள் உங்கள் கண்ணாடிக் கதவைப் பூட்டி வைத்திருந்தாலும், தாத்தா பாட்டி அறைக் கதவு திறந்திருந்தால் அந்த வழியாகக் குழந்தை வெளியே வந்துவிடும். ஆகவே இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். கைப்பிடித் தடுப்பு பெரியவர்களின் இடுப்புக்கு மேல் வரும். ஆனால் நாற்காலி பக்கத்தில் கிடந்தால் நான்கு வயதுக் குழந்தை அதில் ஏறிவிடும். நாற்காலி, சாய்வு இருக்கை, மேசை எல்லாவற்றையும் கேபின் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். தடுப்பை மடக்கும்போது சாமான்களைக் கைப்பிடிப் பக்கம் தள்ளி வைப்பது வழக்கம், பிறகு அப்படியே மறந்துவிடுவார்கள். ஊழியர் போனதும் முதல் வேலையாக அவற்றை உள்பக்கம் இழுத்துவிடுங்கள்.

இன்னொன்று காற்று. பால்கனிக் கதவும் வராந்தாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று அறைக்குள் பாய்ந்து கனமான வராந்தாக் கதவை அறைந்து சாத்தும். பிஞ்சு விரல்கள் அங்கே இருக்கக் கூடாது. ஒரு கதவை மூடிய பிறகே அடுத்ததைத் திறப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பல கப்பல்களில் பால்கனிக் கதவு திறந்திருந்தால் அந்த அறையின் ஏசி தானாக நின்றுவிடும். வெயில் நேரத்தில் இரண்டு கதவையும் திறந்து போட்டுவிட்டு, அறை குளிரவில்லை என்று புகார் செய்ய வேண்டாம்.

கேள்வி: ஊழியர் திறந்து தராவிட்டால் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நாமே திறந்துகொள்ளலாம், அந்தச் சாவி ஆன்லைனில் விற்கிறது என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: கூடாது. பூட்டு கெட்டால் பழுதுபார்க்கும் செலவை உங்கள் கணக்கில் ஏற்றுவார்கள். அதைவிடப் பெரிய கவலை, தீப்பிடித்தால் ஊழியர் அவசரமாகத் திறக்க வேண்டிய பூட்டு அது. நீங்கள் வளைத்து வைத்த பூட்டு அந்த நேரத்தில் திறக்காமல் போனால் யாருடைய உயிருக்கோ ஆபத்து. பெரும்பாலான நிறுவனங்கள் பால்கனியில் புகைபிடிக்கத் தடை வைத்திருப்பதும் இதே தீப் பயத்தால்தான். ஸ்டூவர்ட் முடியாது என்றால் வரவேற்பு மேசையில் ஒருமுறை கேளுங்கள். அவர்களும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் இது கிடைக்குமா? (அரூர் வாசகர்)

பதில்: சென்னையிலிருந்து பயணம் நடத்திவரும் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 1990-ல் கட்டப்பட்டது. மேலே சொன்ன 2008 விதிக்கு முந்தையது. அதில் பால்கனி கேபின்களே கொஞ்சம்தான், பெரும்பாலானவை ஜன்னல் உள்ளவை அல்லது ஜன்னலே இல்லாத உள்கேபின்கள். பால்கனியைச் சேர்ப்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஜென்டிங் டிரீம் 2016-ல் கட்டப்பட்டது, பால்கனிகள் ஏராளம். உங்கள் தேவை இதுதான் என்றால் அந்தத் தலைமுறைக் கப்பல்களைப் பாருங்கள். ஆனால் புதிய கப்பல் என்றாலே திறக்கும் தடுப்பு இருக்கும் என்றும் இல்லை. 2018-ல் வந்த செலிப்ரிட்டி எட்ஜ் கப்பலில் பல கேபின்களில் பால்கனி அறைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, மேல் பாதிக் கண்ணாடி மட்டும் கீழிறங்கும். அங்கே திறக்கத் தடுப்பே கிடையாது.

கேள்வி: “பால்கனி இணைப்புக் கட்டணம்” என்று கேபினுக்கு ₹3,000 வீதம் ₹6,000 தனியாக வாங்கினார் ஏஜென்ட். கப்பலில் போய்ப் பார்த்தால் நடுவில் எஃகுச் சுவர். திரும்பி வந்து கேட்டால் கப்பல் நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார். பணம் கிடைக்குமா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: கேட்டு வாங்க வேண்டிய பணம் இது. கப்பல் நிறுவனம் வசூலிக்காத ஒரு கட்டணத்தை ஏஜென்ட் தன் பெயரில் வாங்கியிருக்கிறார், அதனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. நிறுவனத்தோடு உங்களுக்குள்ள பயண ஒப்பந்தத்தில் வெளிநாட்டு நீதிமன்றம் என்று எழுதியிருந்தாலும், ஏஜென்ட் உங்களிடம் தனியாக வாங்கிய தொகைக்கு அவர் அதைக் காட்டித் தப்ப முடியாது.

முதலில் ஆதாரங்களைச் சேருங்கள். கட்டணம் தனி வரியாக இருக்கும் பில், வங்கி அல்லது யுபிஐ ரசீது, திறந்து தருவார்கள் என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்தி, கேபின் எண் போட்ட பயணச் சீட்டு, சுவரின் புகைப்படம். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நிறுத்தாமல், முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். அவர் வாய்மொழியாக மட்டும் சொல்லியிருந்தால், இப்போது பணிவாக ஒரு செய்தி அனுப்பி, “₹6,000 எதற்கு வாங்கினீர்கள்?” என்று கேளுங்கள். அவர் எழுதும் பதிலே ஆதாரமாகும்.

அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் தேவையில்லை, தமிழில் ஒரு பக்கம் போதும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல ஏஜென்ட்கள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அப்போதும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் அலுவலகம் பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் கிருஷ்ணகிரியில் தாக்கல் செய்யலாம், பஸ் ஏறி அலைய வேண்டாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் தாக்கல் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கோரிக்கையை அளவோடு வையுங்கள். வாங்கிய ₹6,000, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. முழுப் பயணப் பணத்தையும் திருப்பிக் கேட்டால், நான்கு இரவும் தங்கிச் சாப்பிட்டு வந்தவர் என்று எதிர்த் தரப்பு சொல்லும், உங்கள் நியாயமான கோரிக்கையும் பலவீனமாகத் தெரியும்.