ட்ரோன் பைலட் நாள் கூலி எவ்வளவு கேட்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கிவிட்டேன். சொந்த ட்ரோன் இல்லை. மருந்தடிக்க ட்ரோன் வாடகைக்கு விடும் ஒருவர் கூப்பிடுகிறார். "மாதம் 35,000 சம்பளம் என்றாலும் 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 1,350தானே வரும், அதைத் தருகிறேன்" என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? (நெல்லிக்குப்பம்)

வேண்டாம். மாதச் சம்பளக்காரருக்கு மழை பெய்தாலும் சம்பளம் உண்டு. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் வேலை நின்றுவிடும். கடலூர்ப் பக்கம் வருஷத்தில் எத்தனை நாள் நிஜமாகவே வேலை கிடைக்கும் என்பதில்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

உதாரணத்துக்கு 120 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 35,000 வீதம் வருஷத்துக்கு 4,20,000 கையில் நிற்க வேண்டும். வண்டி, பெட்ரோல், போன், விபத்துக் காப்பீடு, மருந்து உடம்பில் படாமலிருக்க முகக்கவசம், கையுறை எல்லாம் சேர்த்து 80,000 என்றால் மொத்தம் 5,00,000. அதை 120-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 4,200. இந்தத் தொகையை அப்படியே கேளுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் நாட்களையும் செலவையும் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். 1,350-க்குப் பக்கத்தில்கூட வராது.

பேசும்போது கணக்கெழுதிய தாளை எதிரில் வைத்துப் பேசுங்கள். "எல்லாரும் இவ்வளவு வாங்குகிறார்கள்" என்றால் பேரம்தான் நடக்கும். செலவை வரிவரியாகக் காட்டினால் எதிராளியும் யோசிப்பார்.

கேள்வி: நாள் கூலி வேண்டாம், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம் என்கிறார்கள். எது நல்லது? (குறிஞ்சிப்பாடி)

முழுக்க ஏக்கர் கணக்கு என்பதை நான் எதிர்க்கிறேன். கூலி குறையும் என்பதைவிட எனக்கு முக்கியமான காரணம் வேறு. பத்து லிட்டர் டேங்க் உள்ள ட்ரோன் ஓர் ஏக்கரைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் நம் கடலோரத்தில் வெயில் ஏறஏறக் கடல்காற்றும் ஏறும். நாசிலிலிருந்து (மருந்து பீச்சும் முனை) வரும் துளி மிக நுண்ணியது. காற்றடித்தால் பக்கத்து வயலுக்கும் மீன் குட்டைக்கும் வரப்பில் நிற்கிற ஆளுக்கும் போய்விடும். ஏக்கருக்குத்தான் காசு என்றால், "இன்னும் ரெண்டு ஏக்கர்தானே" என்று கை தானாக ரிமோட்டை எடுக்கும். இறக்கி வைக்க வேண்டிய நேரத்தில் இறக்கி வைத்தால் பைலட்டுக்கு நஷ்டம் வரக் கூடாது. கூலியை அப்படித்தான் அமைக்க வேண்டும்.

நாளுக்கு ஓர் அடிப்படைத் தொகை, குறிப்பிட்ட ஏக்கருக்கு மேல் போனால் ஏக்கருக்குக் கூடுதல் என்று பேசுங்கள். வயலுக்குப் போன பிறகு காற்றாலோ மழையாலோ வேலை நின்றால் பாதிக் கூலி. முந்தின நாள் இரவுக்குப் பிறகு வேலையை ரத்து செய்தாலும் அதே பாதி. இதை வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பறக்கலாமா வேண்டாமா என்ற முடிவு பைலட்டுடையது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். கடற்கரைச் சாலையில் பறக்கவிடச் சொல்கிறார்கள். தனியாகக் காசு கேட்கலாமா? (புதுச்சேரி)

முதலில் அனுமதி, அப்புறம் காசு. லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் தளத்தின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பார்க்காமல் தேதி கொடுக்காதீர்கள். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும், மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் காசுக்கு ஓட்ட பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். அனுமதிக்கு அலையும் நேரத்துக்குத் தாராளமாகக் கட்டணம் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு கொடுத்தாலும் பறக்கவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவுக்கு அரசு மானியத்தில் ட்ரோன் வந்தது. "சும்மா வந்ததுதானே, குறைத்துப் போடுங்கள்" என்று ஊரில் கேட்கிறார்கள். எப்படி மறுப்பது? (காட்டுமன்னார்கோவில்)

சகோதரி, அது சும்மா வந்ததில்லை. நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மானியம் 80 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 8 லட்சம் வரைதான். மீதி குழுவின் தலையில். பேட்டரி ஒவ்வொரு சார்ஜுக்கும் தேய்கிறது. சில நூறு சார்ஜில் புதுசு வாங்கியாக வேண்டும். புது பேட்டரியின் விலையை அது தாங்கும் சார்ஜ் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஒரு சார்ஜுக்கு அதுவே கணிசமாக வரும். அதைத் தனி உண்டியலாக எடுத்து வையுங்கள். ஓட்டுகிற பெண்ணுக்கும் மருந்து கலக்கிற பெண்ணுக்கும் கூலி எழுதுங்கள். குழு உறுப்பினர் என்பதற்காக உழைப்பை இனாமாக்காதீர்கள். ஊரில் யாருக்காவது சலுகை தர மனமிருந்தால் குழுவின் லாபத்திலிருந்து கொடுங்கள், அந்தப் பெண்ணின் கூலியிலிருந்து வேண்டாம்.

கேள்வி: பணம் போடும்போது 10 சதவீதம் பிடித்துக்கொள்கிறார்கள். பேசிய தொகையைக் கூட்டிக் கேட்கலாமா? (கடலூர் முதுநகர்)

வேண்டியதில்லை. அது வரிப் பிடித்தம், உங்கள் பான் எண்ணில் வரவாக வேண்டும். வருமான வரித் தளத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு தாக்கல் செய்யும்போது அதிகமாகப் பிடித்தது திரும்பி வரும். ஏறவில்லை என்றால் பிடித்தவரிடம் உடனே கேளுங்கள், வருஷக் கடைசி வரை விடாதீர்கள்.