ஜீப்பைத் தூக்கிய பிறகு வரும் அதிர்வு: கேள்வி பதில்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் புரொப்பல்லர் ஷாப்ட் (இன்ஜின் பக்கத்திலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டு) வேலை பார்க்கிறேன். வண்டியை உயர்த்தியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வில்லியனூர், ஜிப்ஸி: பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாற்றி 3 இன்ச் தூக்கினேன். லேசாக அதிர்ந்தது. வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்து, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்து, பினியன் மூக்கை (ஷாப்ட் வந்து சேரும் ஆக்சில் முனை) டிரான்ஸ்பர் கேஸைப் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பார்க்கத் திருப்பினேன். இப்போது 60ல் தரையே உறுமுகிறது.

அந்த ஆப்பைக் கழற்றுங்கள். மேல் முனையில் இரட்டை ஜாயிண்ட் உள்ள ஷாப்டுக்குத்தான் அந்த முறை. உங்களுடையதில் முனைக்கு ஒரு கிராஸ்தான் (கூட்டல் குறி வடிவ மடங்கும் ஜாயிண்ட்) இருக்கிறது. ஒற்றைக் கிராஸ் மடங்கிய நிலையில் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். சாக்கெட் செட்டில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டை நன்றாக மடக்கி, கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், அந்த இழுப்பு விரலிலேயே தெரியும். மேல் கிராஸ் கெடுப்பதைக் கீழ் கிராஸ் சரிக்கட்ட வேண்டும். அதற்கு இரண்டு முனையிலும் கிராஸ் மடங்கும் கோணம் சமமாக இருக்கணும். டிரான்ஸ்பர் கேஸ் தண்டும் பினியனும் இணைகோடாக நிற்க வேண்டும், வித்தியாசம் 1 டிகிரிக்குள். ஒவ்வொரு கோணமும் 3 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. தூக்கத் தூக்க அது ஏறும்.

அளக்கும்போது வண்டி தன் சக்கரத்தில் நிற்கட்டும். சேஸிஸில் ஜாக்கி போட்டு ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கடலூர் முதுநகர், லாரி மெக்கானிக்: அண்ணே, பினியனை நிமிர்த்தினால் கீழ் கிராஸ் நேராகிவிடுமே. நேராக இருப்பது எப்படி ஆடும்?

அது ஆடாது தம்பி. மேலே மடங்கி நிற்பதுதான் ஆட்டுகிறது. அதைச் சரிக்கட்டக் கீழே ஆளில்லை.

அவரே: ஆக்சிலேட்டர் கொடுத்தால் பட்டை முறுக்கிப் பினியன் மூக்கு மேலே ஏறுமே, அதற்கு என்ன கணக்கு?

நல்ல கேள்வி. அதனால்தான் பட்டை வண்டியில் இணைகோட்டிலிருந்து 1 டிகிரி கீழே வைத்து விடுகிறோம். இழுக்கும்போது ஏறிச் சமமாகும். மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்தால் அடங்குகிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அவரே: அப்போ இரண்டு பக்கமும் ஜீரோ வைத்தால் இன்னும் நல்லதுதானே?

இல்லை. அரை டிகிரியாவது மடங்கினால்தான் கிராஸ் முனையை மூடும் கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங் உருளும். இல்லையென்றால் ஒரே இடத்தில் நின்று தட்டித் தட்டிப் பள்ளம் போடும். அப்படிக் கெட்ட கிராஸைத் துடைத்துப் பாருங்கள், நகத்தால் கீறியது போல வரிசையாகக் கோடு இருக்கும்.

அரியாங்குப்பம், ஜிம்னி: 80ல் ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஷாப்டா?

பெரும்பாலும் இல்லை. அந்த வண்டியின் சொந்த டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றும். ஷாப்ட் சுமார் 40 சுற்று. கோணக் கோளாறு என்றால் 80 துடிப்பு, அது சீட்டிலும் தரையிலும் உறுமலாக வரும். கையில் எண்ணிவிடலாம் போன்ற நடுக்கம் சக்கரத்துடையது. சக்கர பேலன்ஸ், பிறகு முன் பனார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ் பாருங்கள்.

மஞ்சக்குப்பம், பொலேரோ: வண்டி அதிர்கிறது, என்ன மாற்ற வேண்டும்?

எந்த வேகத்தில்? மிதிக்கும்போதா, விடும்போதா? அது தெரியாமல் எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

லாஸ்பேட்டை, ஜிப்ஸி: தூக்கினேன், அதிர்கிறது. என்ன ஆப்பு வாங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். அளந்துவிட்டு வாங்குங்கள்.

நெல்லிக்குப்பம், புதிய தார்: தூக்குவதற்கு ஸ்பேசர் (ஸ்பிரிங்கோடு வைக்கும் கட்டை) போட்டேன், திருப்பினால் முன்னால் டக் டக்.

அது சிவி ஜாயிண்ட் (முன் சக்கரத்தைச் சுற்றும் தண்டின் மூட்டு), என் வேலை இல்லை. முன்பக்க வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதுவரை ஸ்பேசரை எடுத்துவிடுங்கள்.

தேவனாம்பட்டினம், பழைய ஜீப்: வெள்ளிக் கடற்கரை மணலில் ஓட்டினேன், அலை நீர் பட்டது. தூக்கி ஒரு வருடம் அதிர்வில்லை, இப்போது வருகிறது.

கோணம் ஒரு வருடம் கழித்துப் பெரும்பாலும் தானாக மாறாது. உப்பு நீர் கிராஸுக்குள் போயிருக்கும். கப் ஓரத்தில் செம்பொடி கசிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் கிரீஸ் அடித்துப் பயனில்லை, கிராஸை மாற்றுங்கள். கழற்றும் முன் ஷாப்டிலும் ஸ்லிப்பிலும் (ஷாப்ட் நீண்டு சுருங்க உதவும் பல் இணைப்பு) ஒரே நேராகச் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) நேர் தவறி, புதுக் கிராஸோடு பழைய அதிர்வே வரும்.