ஊருக்கு ஒரு பட்டாளம்: பின்லாந்து 1939 பற்றி நீங்கள் கேட்டவை

1939 நவம்பர் 30 அன்று சோவியத் ராணுவம் பின்லாந்துக்குள் நுழைந்தது. 1940 மார்ச் 13 அன்று சண்டை நின்றது. மொத்தம் 105 நாள். இந்தக் குளிர்காலப் போரில் பின்லாந்து தன் டிவிஷன்களை (ஆயிரக்கணக்கில் ஆட்கள் கொண்ட பெரிய படைப்பிரிவுகள்) எப்படிக் கட்டியது என்று கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், கோபப்பட வேண்டாம்.

கேள்வி: சார், அப்போது அந்த நாட்டின் ஜனத்தொகையே 37 லட்சம்தான். அதை வைத்துக்கொண்டு 9 டிவிஷன் எப்படி நிறுத்தினார்கள்? அவ்வளவு பெரிய நிரந்தரப் படை இருந்ததா?

இல்லை. சாதாரண நாளில் முகாமில் இருந்தது, ஏறக்குறைய ஒரு வருடக் கட்டாயச் சேவைக்கு வந்த பையன்களும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அதிகாரிகளும்தான். 1934 வரை இருந்த திட்டப்படி போர் வந்தால் சேவை முடித்து வீட்டிலிருப்பவர்கள் ரயில் ஏறி அந்த முகாம்களுக்குப் போக வேண்டும், அங்கே அந்தச் சின்னப் படை ஊதிப் பெரிதாகும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எல்லை சோவியத் நகரமான லெனின்கிராடிலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம், பக்கத்து முகாம்களும் எல்லையை ஒட்டியே இருந்தன. ஆள் வந்து சேர்வதற்குள் முகாமே சண்டைக்களம் ஆகிவிடும்.

அதனால் 1934இல் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். நாட்டை 9 ராணுவ வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்தையும் 3 மாவட்டங்களாகப் பிரித்தார்கள். போர் வந்தால் வட்டாரம் ஒரு டிவிஷனைத் தர வேண்டும், மாவட்டம் ஒரு ரெஜிமெண்டைத் தர வேண்டும். அதற்குக் கீழே பட்டாலியன், கம்பெனி எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். துப்பாக்கியும் தோட்டாவும் அந்தந்தப் பகுதிக் கிடங்கிலேயே இருக்கும். யார் எந்தக் கம்பெனி, எந்த நாளில் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் முன்னமே எழுதி வைத்தாயிற்று.

முகாமில் ஏற்கெனவே இருந்த பையன்களுக்கு வேறு வேலை. கரேலியப் பூசந்தியில் (பின்லாந்து வளைகுடாவுக்கும் லடோகா ஏரிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலம்) எல்லையை ஒட்டி நான்கு குழுக்களாக நின்று, எதிரி வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, பின்னால் ஊர்ப் படைகள் கூடுவதற்கு நேரம் வாங்கித் தர வேண்டும். நடந்தது என்னவென்றால் நேரம் தானாகவே கிடைத்துவிட்டது. 1939 அக்டோபரில் மாஸ்கோ பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டதுமே பின்லாந்து உஷாராகி, "கூடுதல் பயிற்சி" என்று பெயர் வைத்து எல்லாரையும் கூப்பிட்டுவிட்டது. பெயர்தான் பயிற்சி, உள்ளே முழு அணிதிரட்டல். முதல் குண்டு விழுந்தபோது ஆட்கள் ஆறு வாரமாகப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கேள்வி: ஒரு டிவிஷனுக்குள் என்னென்ன இருந்தது?

கணக்குப்படி சுமார் 14,200 பேர். மூன்று காலாட்படை ரெஜிமெண்ட், 36 பீரங்கிகளோடு ஒரு பீரங்கி ரெஜிமெண்ட், வேவு பார்க்க ஒரு சின்னப் பிரிவு, பொறியாளர் கம்பெனிகள், தகவல் தொடர்பு. எதிரே நின்ற சோவியத் டிவிஷனில் 17,000க்கும் மேல், கூடவே டாங்கியும்.

"கணக்குப்படி" என்று சொன்னதைக் கவனியுங்கள். டாங்கியை அடிக்கும் போஃபோர்ஸ் பீரங்கி நாடு முழுக்கவே நூற்றுச் சொச்சம்தான், அதனால்தான் தீ வைத்து டாங்கி மேல் எறியும் பெட்ரோல் பாட்டில் கதை. அரசு சாராய நிறுவனத்தின் ராயமாக்கி ஆலையில் அந்தப் பாட்டில்களை லட்சக்கணக்கில் நிரப்பினார்கள். சில இடங்களில் 19ஆம் நூற்றாண்டு டிசைன் பீரங்கிகளையும் இழுத்து வந்தார்கள். சுட்டால் பின்னுதையைத் தாங்கும் அமைப்பு அதில் கிடையாது, பீரங்கியே பின்னால் ஓடும், திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி குறி பார்க்க வேண்டும். இலகு ரக பீரங்கிகளுக்கும் குண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு. எதிரி திரண்டு நிற்பதைக் கண்ணால் பார்த்தும் சுட அனுமதி கிடைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

சீருடை நிலவரம் இன்னும் வேடிக்கை. நிறைய பேருக்குக் கிடைத்தது தொப்பியில் குத்த ஒரு சின்னம், இடுப்புக்கு ஒரு பெல்ட், ஒரு துப்பாக்கி. மற்றதெல்லாம் வீட்டில் போட்டிருந்த கோட்டும் பூட்ஸும். அதற்கு "கயாண்டர் மாடல்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கயாண்டர் அப்போதைய பிரதமர். ராணுவத்துக்குப் பணம் ஒதுக்க மனசு வராதவர் என்று பெயர் எடுத்தவர்.

கேள்வி: பின்லாந்தில் ஊர்க்காவல் படை என்று ஒன்று இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்களே, நம்மூர் ஊர்க்காவல் படை மாதிரி போக்குவரத்து, திருவிழாக் கூட்டம் பார்ப்பவர்களா?

பெயர்தான் ஒன்று, விஷயம் ரொம்ப வேறு. "சுவோயெலுஸ்குந்தா" என்பதைத் தமிழில் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அப்படி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடப் பழகி, பனிச்சறுக்கில் ஓடி, சொந்த அதிகாரிப் பள்ளி வைத்திருந்த தன்னார்வலர்கள், சுமார் ஒரு லட்சம் பேர். அந்த 27 மாவட்டங்களில் ஆள் திரட்டும் வேலையே இவர்கள் கையில்தான் கொடுக்கப்பட்டது. ராத்திரியில் கதவைத் தட்டி உத்தரவைக் கொடுப்பவன் பக்கத்துப் பண்ணைக்காரன். யார் எந்த வீட்டில், யார் மரம் வெட்டக் காட்டுக்குப் போயிருக்கிறான், எல்லாம் அவனுக்குத் தெரியும். அணிதிரட்டல் அவ்வளவு சீராக நடந்ததற்கு என் கணக்கில் இதுதான் முதல் காரணம். தலைமைத் தளபதி மன்னர்ஹெய்ம் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, இந்தக் கதவு தட்டியவர்கள் யாருக்கும் நினைவில் இல்லை. இவர்களுடைய தலைவர் லௌரி மால்ம்பெர்க்தான் போர்க்காலத்தில் உள்நாட்டுப் படைகளுக்கும் பொறுப்பு. புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புவது உள்ளிட்ட பின்களத்து வேலைகள் அவர் பக்கம்.

ஆனால் இதில் ஒரு பெரிய முள் இருந்தது. 1918இல் அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது, அரசு ஆதரவாளர்களான "வெள்ளையர்" ஒரு பக்கம், இடதுசாரித் தொழிலாளர்களின் செம்படை ஒரு பக்கம். ஊர்க்காவல் படை வெள்ளையர் பக்கத்திலிருந்து வந்தது. தோற்ற பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறைமுகாம்களில் பசியிலும் நோயிலும் செத்தார்கள். அதெல்லாம் நடந்து 21 வருடம்தான் ஆகியிருந்தது. அப்பாவை அந்த முகாமில் பறிகொடுத்த தொழிலாளியின் வீட்டுக் கதவை இவர்கள் தட்டினால் அவன் வருவானா? மாஸ்கோ வரமாட்டான் என்றுதான் நினைத்தது.

வந்தான். தாம்பெரே பக்கத்திலிருந்து வந்த 16வது ரெஜிமெண்டைப் பாருங்கள். ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த நகரம். ரெஜிமெண்டின் தளபதி ஆரோ பாயாரி, அதே நகரத்தின் ஊர்க்காவல் படைத் தலைவராக இருந்தவர். 1933இல் தொழிலாளர்கள் ஏற்றிய செங்கொடிகளை ஆட்களோடு போய் இறக்கி, ஊரையே இரண்டாக்கியவர். அந்த ஆளுக்குக் கீழே அந்தத் தொழிலாளர்கள்! டிசம்பர் 12 அன்று லடோகா ஏரிக்கு வடக்கே தோல்வாயார்வியில் பின்லாந்துக்கு முதல் பெரிய வெற்றியை வாங்கித் தந்தது இந்த ரெஜிமெண்ட்தான். அப்புறம் 1940 பிப்ரவரியில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்களும் ஊர்க்காவல் படையில் சேரலாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன.

கேள்வி: அதே இடத்தில் ஏதோ சாசேஜ் சண்டை என்று ஒன்று நடந்ததாமே, நிஜமா அண்ணே?

நிஜம்தான் தம்பி. அந்த வெற்றிக்கு இரண்டு நாள் முன்னால், டிசம்பர் 10 ராத்திரி. ஒரு சோவியத் பட்டாலியன் காட்டுக்குள்ளே சுற்றிவந்து பாயாரியின் ஆட்களுக்குப் பின்பக்கம் வந்துவிட்டது. அங்கே இருந்தது கள சமையல் வண்டிகள், பெரிய அண்டாவில் சாசேஜ் சூப் கொதித்துக்கொண்டிருக்கிறது. வந்தவர்கள் சரியான சாப்பாடு இல்லாமல் பனியில் நடந்து வந்தவர்கள், வாசனை பிடித்ததும் நின்றுவிட்டார்கள். அந்த நேரத்துக்குள் பாயாரி கையில் கிடைத்த சமையல்காரன், எழுத்தர், வண்டியோட்டி என்று சுமார் நூறு பேரைச் சேர்த்து இருட்டிலேயே பாய்ந்தார். ஊர்ப் பட்டாளத்தில் எழுத்தரும் சேவை முடித்தவன்தான், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன்தான்.

கேள்வி: பெண்கள் படையில் இருந்தார்களா?

துப்பாக்கி ஏந்தி இல்லை. லோத்தா ஸ்வார்டு என்று ஒரு பெண்கள் அமைப்பு, இதிலும் சுமார் ஒரு லட்சம் பேர். சமையல், மருத்துவமனை, தொலைபேசி, துணி, அப்புறம் கோபுரங்களில் ஏறி நின்று வானத்தில் விமானம் வருகிறதா என்று பார்ப்பது. கடுங்குளிரில் அந்தக் கோபுரத்தில் ஒரு மணி நேரம் நிற்பதை யோசித்துப் பாருங்கள். பனியில் மறைந்துகொள்ள வெள்ளை மேலுடை தைத்துத் தந்ததும் வீட்டுப் பெண்கள்தான், பல சமயம் படுக்கை விரிப்பைக் கிழித்து.

கேள்வி: பூசந்தியின் கிழக்குக் கோடியில், தாய்பாலேயில் நின்றது 10வது டிவிஷன் என்று ஒரு இடத்திலும் 7வது டிவிஷன் என்று இன்னொரு இடத்திலும் படித்தேன். எது சரி?

இரண்டும். 1940 ஜனவரி 1 அன்று எதிரியைக் குழப்ப எண்களை மாற்றினார்கள். 10 என்பது 7 ஆனது, 11 என்பது 2 ஆனது, 6 என்பது 3 ஆனது. எதிரி குழம்பினானோ இல்லையோ, நாம் இன்றுவரை குழம்புகிறோம். இதோடு 21, 23 என்று புது டிவிஷன்களும் போர் நடக்கும்போது முளைத்தன. 9வது இன்னும் சிக்கல்: அதன் ரெஜிமெண்டுகளைப் பிய்த்து கிழக்கு எல்லைப் பக்கம் உட்பட வெவ்வேறு இடத்துக்கு அனுப்பினார்கள், 27வது சுவோமுஸ்ஸால்மிக்கு, 25வது குஹ்மோவுக்கு. சுவோமுஸ்ஸால்மியில் கர்னல் சீலாஸ்வுவோ கையில் கிடைத்ததை வைத்து அந்தப் பெயரில் மறுபடி ஒரு டிவிஷனைக் கட்டினார். ஜனவரி முதல் வாரத்தில் ராத்தே சாலையில் சோவியத் 44வது டிவிஷனைத் துண்டு துண்டாக வெட்டிச் சிதைத்தது அதுதான்.

கேள்வி: எல்லாரும் பனிச்சறுக்கில் பறந்து பறந்து சண்டை போட்டார்களா?

வடக்கே காட்டில், ஆமாம். ஆனால் படையின் பெரும்பகுதி பூசந்தியில் பதுங்குகுழிக்குள் உட்கார்ந்து குண்டு வாங்கிக்கொண்டிருந்தது. அது முதல் உலகப்போர் மாதிரியான சண்டை. படத்தில் அழகாக இருக்காது, அதனால் யாரும் போடுவதில்லை.

கேள்வி: ஐயா, ஒரே ஊர்க்காரர்களை ஒரே கம்பெனியில் போட்டால், ஒரு மோசமான நாளில் ஊரே காலியாகிவிடாதா?

ஆகும், ஆனது. 1916இல் சோம் நதிக்கரையில் பிரிட்டனின் ஒரே ஊர் பட்டாலியன்களுக்கு நடந்தது இதுதான். பின்லாந்துக்காரர்களுக்கும் அந்த ஆபத்து தெரியும், ஆனால் வேகம் வேண்டுமானால் வேறு வழி இல்லை. இன்னொன்று, பக்கத்தில் படுத்திருப்பவன் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன், ஓடினால் ஊரில் முகத்தில் முழிக்க முடியாது. இதுவும் ஒரு பலம்தான், கொஞ்சம் கொடூரமான பலம்.

செத்தவர்களை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான நாடுகள் போர்க்களத்தின் பக்கத்திலேயே புதைத்தன. பின்லாந்து முடிந்தவரை உடலைக் கண்டெடுத்து, அடையாளம் பார்த்து, பெட்டியில் வைத்துச் சொந்த ஊர் தேவாலயத்துக்கு அனுப்பியது. அந்தப் போரில் இறந்தது சுமார் 25,000 பேர். இன்றும் அங்கே எந்த ஊருக்குப் போனாலும் தேவாலயத்துப் பக்கத்தில் ஒரே அளவுக் கற்கள் வரிசையாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் அதில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள்.

கேள்வி: எல்லாமே ஊரை வைத்துக் கட்டிய படை என்கிறீர்கள். சமாதான ஒப்பந்தத்தில் தென்கிழக்கு எல்லைப் பகுதியான கரேலியா சோவியத் கைக்குப் போய்விட்டதே, அந்த ஊர்க்காரர்களின் ரெஜிமெண்ட் என்ன ஆனது?

மார்ச் 13, காலை 11 மணிக்குச் சண்டை நின்றது. கரேலியாவின் பெரிய நகரமான வீபூரி அப்போதும் பின்லாந்து கையில்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் கோட்டையிலிருந்து கொடியை இறக்கி, நகரத்தை விட்டுக் கிளம்பினார்கள். நான்கு லட்சம் பேருக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டு மேற்கே போக வேண்டியதாயிற்று, ஜனத்தொகையில் ஒன்பதில் ஒருவர். கரேலியக்காரர்கள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, தாங்கள் பிறந்த பகுதி வழியாகவே புது எல்லையைப் பார்த்து நடந்தார்கள். அவர்களைத் திரட்டிய மாவட்டமே வரைபடத்தில் இல்லை. அடுத்த அணிதிரட்டலுக்கு வட்டாரங்களை மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஊருக்குக் கொண்டுவந்து புதைத்தவர்களை மட்டும் கூட்டிப்போக முடியவில்லை, அந்தக் கற்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன.